புகையைப் பார்க்கிறீங்க, விரிசலை யார் பார்க்கிறது?

பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எந்த பஸ்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். லுணுகலைக்குப் போறது, மடுல்சீமைக்குப் போறது, நமுனுகுலைக்குப் போறது, எதுவானாலும் சரி. வருஷத்துக்கு ஒருமுறை அதன் புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, கம்ப்யூட்டரில் ஓர் எண்ணைப் பார்த்து, பாஸ் என்று ஒரு பத்திரம் கொடுக்கிறார்கள். 2008இல் தொடங்கிய நடைமுறை. நல்ல நடைமுறைதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே பஸ்ஸின் முன்சில்லைத் தாங்கி நிற்கிற இரும்புக்குள் மயிரிழை அளவில் ஒரு விரிசல் இருக்கா இல்லையா? வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிற எவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை.

தகுதிச் சான்றிதழ் இருக்கே என்பீர்கள். இருக்கு. பஸ்ஸுக்கும் லொறிக்கும் அது கட்டாயம். பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா, டயர் தேய்ந்திருக்கா, ஸ்டியரிங் எவ்வளவு ஆடுது என்று பார்ப்பார்கள். ஒழுங்காகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், பஸ்ஸைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றியும் ஊருக்குள் கதை நிறைய உண்டு. அந்தக் கதையை விடுங்கள். ஒழுங்காகப் பார்த்தாலும்கூட அது வெளியில் தெரிவதை மட்டுமே பார்க்கிற சோதனை. எந்தப் பகுதியையும் கழற்றி, கழுவி, விரிசல் இருக்கா என்று தேடுகிற வேலை அதில் இல்லை. நான் சண்டை பிடிக்க வந்தது இந்த இடத்தில்தான்.

நம்ம பக்கத்து விபத்துகளை வரிசையாக யோசித்துப் பாருங்கள். 2021 மார்ச் 20, பசறை 13ஆம் மைல்கல். லுணுகலையில் இருந்து விடியக்காலை கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் போய்க் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2025 மே 11, கொத்மலை கெரண்டி எல்ல. கதிர்காமத்தில் இருந்து குருநாகலுக்குப் போன பஸ், 20 பேருக்கு மேல். அதே வருஷம் செப்டம்பர் 4, எல்ல – வெல்லவாய பாதை. சுற்றுலா வந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ், 15 பேர். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். முதல் நாள் "டிரைவரின் கவனயீனம்", இரண்டாம் நாள் "அதிக வேகம்", மூன்றாம் நாள் பாதுகாப்பு வேலி பற்றி ஓர் அறிக்கை, நாலாம் நாள் வேற செய்தி.

இந்த மூன்றுக்கும் காரணம் உலோக விரிசல் என்று நான் சொல்லவில்லை. பசறையில் பாறை விழுந்து பாதை பாதியாகிக் கிடந்தது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் கேட்பது வேற. பள்ளத்தில் இருந்து தூக்கிய ஒரு பஸ்ஸின் உடைந்த இரும்பை மேசையில் வைத்து, உடைந்த முகத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்து, பார்த்ததை மக்களுக்குச் சொன்ன ஓர் அறிக்கையை நீங்கள் எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா?

ஏன் அந்த முகத்தைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், உடைந்த இரும்பு பேசும். ஒரே அடியில் உடைந்த இரும்பின் முகம் முழுக்க ஒரே மாதிரி, சொரசொரப்பாக, புதுசாகப் பளபளக்கும். நாள்கணக்கில் விரிசல் வளர்ந்து உடைந்ததென்றால் முகம் இரண்டு பங்காகத் தெரியும். ஒரு பங்கு வழவழப்பாக, கறுத்து, சிலநேரம் துருப்பிடித்து இருக்கும். அதில் சிப்பி ஓட்டில் உள்ளது போல வளைவு வளைவாகக் கோடுகள். விரிசல் கொஞ்சம் வளர்ந்து, நின்று, மறுபடி வளர்ந்த அடையாளம் அது. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. மற்றப் பங்கு புதுசு. மிச்சமிருந்த இரும்பு பாரம் தாங்காமல் கடைசி நொடியில் விட்டுக்கொடுத்த இடம். இதைப் படிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம், பழகின கண் போதும். அந்தத் துருப்பிடித்த பங்கு சொல்வது ஒன்றே ஒன்று: இந்த விரிசல் விபத்துக்கு முன்னமே இருந்தது, யாராவது தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

இரும்பு எப்படிக் களைக்கும் என்று கேட்கிறவர்கள் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து வளைத்து வளைத்துப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் அறுகாத கம்பி, பத்து முறை மடக்கினால் கையோடு வந்துவிடும். அவ்வளவு பெரிய மடக்கல்கூடத் தேவையில்லை. சின்னச் சின்ன வளைவாக இருந்தாலும் இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், எங்கேயோ ஒரு கீறலில், ஒரு கூர்மையான மூலையில், இரும்புக்குள் பிறவியிலேயே கிடந்த ஒரு கசடில் விரிசல் தொடங்கும். எஞ்சினின் கிராங்க் நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுற்றுகிறது என்றால் மணித்தியாலத்துக்கு 1,20,000 சுற்று. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் ஏழு நாளில் 50 இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1842 மே 8ஆம் தேதி, பிரான்சில் வெர்சாயில் இருந்து பாரிசுக்குத் திரும்பிய கோச்சியின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்து, 50 பேருக்கு மேல் செத்தார்கள். பெட்டிக் கதவுகள் வெளியில் பூட்டியிருந்தன. அதற்குப் பிறகுதான் நன்றாக இருந்த அச்சு ஏன் திடீரென்று முறிகிறது என்று ரேங்கின் போன்ற பொறியியலாளர்கள் உடைந்த அச்சுகளை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வோலர் என்ற ஜெர்மன்காரர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சு இரும்பை மெஷினில் மாட்டி, முறியும் வரை சுற்றி, எவ்வளவு பாரத்தில் எத்தனை சுற்றுத் தாங்கும் என்று அட்டவணை போட்டார். நம்ம பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். அதாவது இங்கே கோச்சி வருவதற்கு அறுபது எழுபது வருஷம் முன்னமே இரும்பு களைக்கும் என்று உலகத்துக்குத் தெரியும்.

இப்போது ஊவாவின் பாதைகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்ல 1000 மீற்றருக்கு மேலே. வெல்லவாய 200 மீற்றர் அளவில், கீழே. இடையில் 30 கிலோமீற்றர்கூட இல்லை. இறக்கம் முழுக்க பிரேக் டிரம் காய்கிறது, மழை பட்டால் சுருங்குகிறது, மறுபடி காய்கிறது. டிரம்மின் உள்முகத்தில் அந்தச் சூட்டு வெடிப்புகள் வலை மாதிரி விழும். ஏற்றத்தில் லோ கியரில் மணித்தியாலக் கணக்கில் முக்கி முக்கி ஏறும்போது தண்ணீர் கொதித்து, எஞ்சின் ஹெட்டில் வால்வுக்கும் வால்வுக்கும் இடையில் வெடிக்கும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முழு ஸ்டியரிங்கும் ஒடித்துத் திருப்புவதால் கிங் பின், ஸ்டியரிங் ஆம், டிராக் லிங்க் எல்லாம் அடி வாங்குகின்றன. தோட்டப் பாதையின் குழிகளில் ஸ்பிரிங் தட்டுகள். இதற்கு மேலே, 50 பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் பள்ளிக்கூட நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். சமவெளியில் ஓடுகிற பஸ்ஸுக்கும் மலையில் ஓடுகிற பஸ்ஸுக்கும் ஒரே சோதனை என்பதே முதலில் பொருந்தாத விஷயம்.

"அதெல்லாம் அனுபவப்பட்ட பாஸ்மாருக்குத் தட்டிப் பார்த்தாலே தெரியும்" என்று ஒரு பதில் எப்போதும் வரும். தட்டிப் பார்ப்பது பொய்யான முறை என்று நான் சொல்லமாட்டேன். ரயில் சில்லைச் சுத்தியலால் தட்டி, மணி மாதிரிக் கேட்குதா, உடைந்த பானை மாதிரிக் கேட்குதா என்று பார்ப்பது மிகப் பழைய முறை. ஆனால் சத்தம் மாறுகிற அளவுக்கு விரிசல் வளர்ந்துவிட்டதென்றால் அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னமே பிடிக்க நாலைந்து வழி இருக்கு. அவற்றில் முதலாவது நம்ம கராஜ்களுக்கே தெரிந்த வழி.

கழற்றிய ஹெட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே வெண்கட்டித் தூளைப் பூசி வைப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து வெள்ளையில் ஒரு கறுத்த கோடு போடும். இதையே ரயில் பட்டறைகளில் அச்சுகளுக்கும் செய்தார்கள். இன்றைக்கு அதன் வாரிசு மூன்று ஸ்பிரே டப்பா. ஒன்று கழுவ, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளை. சாயத்தை அடித்துப் பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு கசியும். கரன்ட்கூட வேண்டாம். ஒரே நிபந்தனை, இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸும் பெயின்டும் துருவும் விரிசலின் வாயை அடைத்திருந்தால் சாயம் உள்ளே போகாது. பிறகு "ஒன்றும் இல்லை" என்று தப்பான நம்பிக்கை வரும். சோதனையே செய்யாமல் இருப்பதைவிட அது மோசம்.

இரண்டாவது, காந்தம். 1920களில் அமெரிக்காவில் ஹோக் என்பவர், காந்தப் பிடியில் மாட்டி அரைத்த இரும்பில் அரைதூள் தன்பாட்டில் கோடுகோடாகச் சேர்வதைக் கவனித்தார். கோடு விழுந்த இடத்தில் விரிசல். காந்த விசை இரும்புக்குள் ஓடும்போது விரிசல் குறுக்கே வந்தால் அது வெளியே கசியும், தூள் அங்கே போய் ஒட்டும். கிராங்க், கொன்ரொட், ஸ்டியரிங் பகுதிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. குறுக்கே வருகிற விரிசல் மட்டுமே நன்றாகத் தெரியும் என்பதால் இரண்டு திசையிலும் காந்தமேற்ற வேண்டும். முடிந்ததும் காந்தத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற எஞ்சினில் இரும்புத் துகளை எல்லாம் இழுத்து பெயரிங்கைத் தின்னும். அலுமினியத்துக்கு இது சரிவராது, அதற்குச் சாயம்தான்.

மேல்முகத்துக்கு வராமல் உள்ளேயே கிடக்கிற குறைக்கு மீயொலி. மலைக்கு முன்னால் நின்று கூப்பிட்டால் எதிரொலி வருகிற மாதிரி, இரும்புக்குள் காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, அடுத்த முனைக்குப் போக முன்னமே எதிரொலி திரும்பி வந்தால் நடுவில் ஏதோ இருக்கு என்று தெரிந்துகொள்வது. உலகம் முழுக்க ரயில் அச்சையும் தண்டவாளத்தையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். எக்ஸ்ரே, சுழல் மின்னோட்டம் என்று இன்னும் இரண்டு மூன்று வழி இருக்கு. நம்ம கதைக்கு அவை வேண்டாம். பஸ்ஸுக்கு முதல் இரண்டே காணும்.

இலங்கையில் இதெல்லாம் தெரியாதவர்களா இருக்கிறார்கள்? அணுசக்திச் சபையின் கீழ் களனியில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கு. விமானத்துக்குச் செய்கிறார்கள், எண்ணெய்த் தாங்கிக்குச் செய்கிறார்கள், பொயிலருக்குச் செய்கிறார்கள். அறிவு கொழும்புக்குப் பக்கத்திலேயே இருக்கு. அது கடுகண்ணாவை ஏறி நம்ம பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

பதுளையில் ஒரு பட்டறையில் என் மாமா வேலை செய்த காலத்தில் பள்ளிக்கூட லீவுக்கு நானும் போய் நிற்பேன். ஒருநாள் ஒரு பஸ்ஸின் கிங் பின் மாற்ற வந்தார்கள். கழற்றிய ஸ்டியரிங் ஆமை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்த பெரிய பாஸ் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெண்கட்டியை அரைத்துப் பூசினார். வளைவின் உள்பக்கம் கோடு வந்தது. விரல் நகத்தின் அகலம் இருக்கும். பஸ் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாஸ், இது இன்னும் ரெண்டு மாசம் ஓடாதா?"

"ஓடும் முதலாளி. எந்த நாள் வரைக்கும்னுதான் எனக்குத் தெரியாது."

முதலாளி அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பிறகு வேறு எங்கேயோ பூட்டினாரா, மாற்றினாரா, கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் இன்னொரு பழசை வாங்கினாரா, எங்களுக்குத் தெரியாது. பாஸுக்கு அதைப் பறித்து வைக்கிற உரிமை இல்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிற வழக்கமும் இல்லை. அவர் பார்த்தது அவரோடு போனது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. இந்தப் பேச்சு வந்தால் பலரும் "ஆமா, ஒரு மெஷின் வாங்கிப் போடணும்" என்று முடித்துவிடுகிறார்கள். மெஷின் மட்டும் போதாது. 1989 ஜூலை 19, அமெரிக்காவில் யுனைட்டட் நிறுவனத்தின் டீசீ-10 விமானம் 296 பேரோடு பறந்துகொண்டிருந்தது. வால் எஞ்சினின் முன் விசிறித் தட்டு வானத்திலேயே வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் வழிகளையும் அறுத்தன. ஸ்டியரிங் இல்லாத பஸ் மாதிரி ஆன விமானத்தை, மிச்சமிருந்த இரண்டு எஞ்சினைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 110 பேருக்கு மேல் இறந்தார்கள், 184 பேர் தப்பினார்கள். தட்டு டைட்டேனியம். அதன் உலோகம் வார்த்தபோதே உள்ளே ஒரு சின்னக் குறை கிடந்திருக்கு. பதினேழு வருஷமாக ஒவ்வொரு பறப்பிலும் அந்த இடத்தில் விரிசல் வளர்ந்திருக்கு. முந்தின வருஷம்தான் அந்தத் தட்டைக் கழற்றி, நான் மேலே சொன்ன சாயச் சோதனையின் உயர்ந்த வகையால் பார்த்தார்கள். சாயம் வெளிச்சத்தில் ஒளிரும் வகை. அப்போதே கண்ணில் படக்கூடிய அளவுக்கு விரிசல் இருந்தது, பார்த்தவர் கண்ணில் படவில்லை என்று விசாரணை சொன்னது. பராமரிப்பு நிலையத்தின் சோதனை முறையில் மனிதக் கண்ணின், மனிதக் கவனத்தின் எல்லைகளைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதையே காரணமாக எழுதினார்கள்.

அமெரிக்காவிலேயே அப்படி என்றால் இங்கே எதற்கு என்று அதை ஒரு சாட்டாக எடுப்பவர்களும் உண்டு. நான் அதில் எடுப்பது வேற. அங்கே உடைந்த தட்டின் துண்டுகளைச் சோளக் காட்டில் மாதக்கணக்கில் தேடிப் பொறுக்கினார்கள், முகத்தைப் படித்தார்கள், யார் எப்போது பார்த்தார் என்ற தாள் இருந்தது, அந்தத் தாளைப் பொதுவில் வைத்தார்கள். அதனால்தான் எங்கே பிழைத்தது என்று தெரியவந்தது. நம்ம பெரிய பாஸிடம் வெண்கட்டி இருந்தது. தாள் இல்லை.

கண்டுபிடித்தும் பிரயோசனம் இல்லாமல் போவதை ஊவாக்காரனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29, மீரியபெத்த. அந்த மலை இறங்கும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் இருந்த வெடிப்பு முன்னமே பார்க்கப்பட்டதுதான். லயத்து மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஏனென்றால் போகச் சொன்னவர்கள் போவதற்கு ஓர் இடம் காட்டவில்லை.

அதனால் நான் கேட்பது இரண்டும் சேர்ந்து: சோதனையும், சோதித்தவன் சொன்னால் பகுதி கட்டாயம் மாற வேண்டும் என்ற அதிகாரமும்.

செலவு என்பார்கள். வண்டி முழுவதையும் கழற்றிச் சோதிக்கச் சொல்லவில்லை. கிங் பின் மாற்றும்போது முன் அச்சுப் பகுதிகள் எப்படியும் மேசைக்கு வருகின்றன. எஞ்சின் ஓவர்ஹோல் செய்யும்போது கிராங்கும் கொன்ரொட்டும் எப்படியும் லேத் பட்டறைக்குப் போகின்றன. பிரேக் லைனிங் மாற்றும்போது டிரம் எப்படியும் கழல்கிறது. கழுவவும் கழுவுகிறார்கள். மிச்சம் அரை மணித்தியால வேலையும் கொஞ்சம் சாயமும். கிராங்க் கிரைண்ட் பண்ணுகிற பட்டறைகளுக்கு இது இன்னும் கட்டாயம். மூலையின் வளைவைச் சரியாக விடாமல் கூராக அரைத்தால், அல்லது கல்லை அழுத்திச் சூடேற்றினால், நல்ல கிராங்கிலும் புதுசாக விரிசல் பிறக்கும். அரைத்து முடித்த பிறகு ஒருமுறை பார்க்காமல் பூட்டுவது, வைத்தியர் ஒப்பரேஷன் முடித்துவிட்டுக் கத்தரிக்கோலை எண்ணாமல் தைப்பது மாதிரி. பஞ்சிகாவத்தையில் இருந்து வருகிற ரீகண்டிஷன் பகுதிகள் வேற. அந்தப் பகுதி எத்தனை இலட்சம் சுற்றுச் சுற்றியது, எந்த விபத்தில் இருந்து கழற்றியது என்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.

இதைவிடப் பாரமான எதிர்ப்பு ஒன்று இருக்கு, அதைத் தட்டிவிட முடியாது. இந்தச் சோதனையை உண்மையாகச் செய்தால் பாதி பஸ் நின்றுவிடும், தோட்டத்துக்குப் போகிற ஒரே பஸ்ஸும் நின்றால் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போகும், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? நியாயமான கேள்வி. சில பஸ்கள் நிற்கத்தான் செய்யும். அதன் சுமையைத் தனி முதலாளியின் தலையில் மட்டும் கட்டினால் அவர் கையெழுத்தை விலைக்கு வாங்குவார், அதுவும் எனக்குத் தெரியும். ஒரேயொரு பஸ்ஸை வைத்து லீசிங் கட்டுகிற முதலாளிகள்தான் இங்கே அதிகம். அதனால் சோதனை மேசை பொதுவில் இருக்க வேண்டும். பதுளை இ.போ.ச. டிப்போவில் ஒன்று வைக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்று வைக்கலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் இருந்து நம்ம ஊரிலேயே இருக்கு. கழற்றிய பகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இலவசமாகப் பார்த்து, இலக்கம் குத்தி, தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். விரிசல் பட்டதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அங்கேயே வெட்டிப் போட வேண்டும்.

தோட்டத்தைப் பற்றி ஒன்று. பெக்டரியில் ரோலர் மெஷினுக்கு மூன்று கிராங்க். ஒன்று உடைந்தால் அன்றைய கொழுந்து கெட்டுவிடும், துரைக்கு அன்றைக்கே தெரியும், அன்றைக்கே ஆள் வரும். பொயிலருக்கும் பாரம் தூக்குகிற சங்கிலிக்கும் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் பரிசோதனை உண்டு. அதே தோட்டத்தில் தூரத்து டிவிஷனுக்கு ஆட்களை ஏற்றிப் போகிற டிராக்டர் பெட்டியின் கொக்கியை, அந்தக் கொக்கியைத் தாங்குகிற பின்னை, யார் எப்போது பார்த்தார் என்று பெரட்டில் நிற்கிற ஒருவராவது கேட்டால் என்ன பதில் வரும்? தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குப் பேசுகின்றன, பேச வேண்டும். இந்தக் கொக்கியையும் அந்தப் பேச்சு மேசையில் வைக்கச் சொல்லுங்கள். கொழுந்துப் பாரம் ஏற்றச் செய்த பெட்டியில் ஆளை ஏற்றுவதே பிழை என்பது வேற சண்டை, அதற்கும் நான் ரெடி.

இன்னொன்று, இது வேலைவாய்ப்பும்கூட. நம்ம பொடியன்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், கராஜில் சாமான் எடுத்துக் கொடுக்கிறார்கள், கட்டாருக்கு டிரைவராகப் போகிறார்கள். விரிசல் தேடுகிற இந்தத் தொழிலுக்கு உலகம் முழுக்க ஏற்கிற தராதரம் இருக்கு, மூன்று நிலை. இரண்டாம் நிலை எடுத்தவர் தானே சோதித்து, தானே முடிவு எழுதலாம். திருச்சிப் பக்கம் பொயிலர்ப் பட்டறைகளைச் சுற்றி இந்தப் படிப்பைப் படித்த பொடியன்கள் வளைகுடாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நேராகப் போகிறார்கள். ஹாலி எலயிலும் பசறையிலும் கணிதம் படித்த பிள்ளைகளுக்கு அது எட்டாத படிப்பில்லை. தமிழில் ஒரு கையேடு, பதுளையில் ஒரு வகுப்பு, களனியில் இருந்து மாதம் ஒருமுறை ஓர் ஆசிரியர். வாய்மொழியாக மட்டும் இருக்கிற பாஸ்மாரின் அறிவும் அப்போது தாளுக்கு வரும். கோடு எங்கே வரும் என்று அவர்களுக்குப் புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும்.

யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊவாவுக்குள் தனியார் பஸ் ஓடுவதற்கான வழித்தட அனுமதியைக் கொடுப்பது ஊவா மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அனுமதிக்கு நிபந்தனை போடுகிற பேனா அங்கே இருக்கு. "முன் அச்சு அல்லது ஸ்டியரிங் பகுதிகள் கழற்றப்படும் ஒவ்வொரு முறையும் விரிசல் சோதனை செய்த தாள் இணைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி. அதை முதலில் நீண்ட இறக்கம் உள்ள வழித்தடங்களுக்கு மட்டும் போடட்டும்: எல்ல – வெல்லவாய, பதுளை – பசறை – லுணுகலை, பெரகலை இறக்கம். அடுத்த விபத்துக்குப் பிறகு "டிரைவரின் கவனயீனம்" என்று எழுதப் போகிற நிருபர் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். எழுத முன்னம் பொலிசிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உடைந்த துண்டு இப்போ எங்கே இருக்கு?